வண்டுக்குச் சவரம் செய்தவன்

நான் ஒருமுறை ஒரு வண்டுக்குச் சவரம் செய்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் அறிந்தால், 'மனுசன் உந்தக் கதையை மறைச்சுப்போட்டெல்லோ பெரிய கெட்டிக்காரன் மாதிரி எழுதினவர்' என்று நினைப்பீர்கள். சவரத்தோடும் நான் விடவில்லை. அதன் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கினேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையும் எடுத்தேன். வண்டுக்குக் கருவளையம் வராது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் துடைத்து எடுத்தது அதன் முகத்தில் ஒரு பகுதி.

இப்படிப்பட்ட ஒருவனுக்கு ஒஸ்லோவில் ஒரு கம்பனி மாதாமாதம் சம்பளம் தந்து, போன இலையுதிர் காலத்தில் கேக் வெட்டி, பூங்கொத்துக் கொடுத்து அனுப்பிவைத்தது. அது சிறிய கம்பனி. ஓரிடத்தில் வீடோ பாதையோ வாகனத் தரிப்பிடமோ கட்டுவதற்கு முன், அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது அவர்களுடைய தொழில். குடியிருப்பவர்கள் என்றால் எறும்பு, தேனீ, வண்டு, சிலந்தி. அவர்களைப் படம் பிடிப்பது என் தொழில். காடு, மலை, ஏரி எல்லாம் வேறு ஆட்களுக்குப் போய்விடும். எனக்குக் கிடைத்தவை பஸ் தரிப்பு, குப்பைக் கொட்டில் சுவர், பிள்ளைகள் விளையாடும் மணல், பாலர் பள்ளி வேலியோரம். சனம் மிதித்துக்கொண்டு போகிற இடங்களில் சனத்தின் காலுக்குக் கீழே படுத்திருந்தவன் நான்.

என் இடத்துக்கு இப்போது நிவேதா வந்திருக்கிறாள். சென்னைப் பிள்ளை, பூச்சிகளைப் பற்றி உயர்படிப்புப் படித்தவள். கேக்கைத் தின்றுகொண்டே கேட்டாள்:

"சார், இப்ப ஃபோட்டோ எடுத்த உடனே ஃபோனே பேரு சொல்லிடுது. நீங்கல்லாம் அப்ப எப்படி சார் பண்ணீங்க?"

"குப்புறப் படுத்துத்தான் பிள்ளை."

"சீரியஸா சொல்லுங்க சார்."

"சீரியஸாத்தான் சொல்லுறன். என்ரை முழங்காலைப் பாரும்."

"அப்ப அதையே எழுதுங்க. எங்க டீம்ல யாருக்குமே ஒண்ணும் தெரியல."

வாழ்க்கையில் என்னைச் 'சார்' என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள். அந்த மயக்கத்தில்தான் எழுதத் தொடங்கினேன்.

பூச்சிக்கு வருவதற்கு முந்திய வரலாறு சுருக்கமானது. நோர்வேக்கு வந்தேன். வடக்கே மீன் வெட்டினேன். ஒஸ்லோவுக்கு வந்து மற்றவர்களின் அலுவலகங்களைத் துடைத்தேன். பின்னேர வகுப்புக்குப் போய்ப் படம் பிடிக்கப் பழகினேன். சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானால் செய்கிற சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் கமராவோடு போனேன். அவ்வளவுதான்.

ஆனால் அங்கே பழகிய ஒரு பழக்கத்தை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் கல்யாணப் படம் என்றால் எடுப்பது பாதி, துடைப்பது மீதி. பொம்பிளையின் பருவை எடுக்கவேண்டும். மாப்பிள்ளையை இரண்டு படி வெளுப்பாக்கவேண்டும். மாமியின் தாடையில் ஒன்றைக் குறைக்கவேண்டும். தலைப்பாகையில் நூல் தொங்கினால் வெட்டவேண்டும். இதைச் செய்யாமல் அல்பத்தைக் கொடுத்தால், 'தம்பிக்குக் கமரா பிடிக்கத் தெரியாது' என்பார்கள். நானும் கொம்பியூட்டரில் உட்கார்ந்தால் கை தானாகவே துடைக்கத் தொடங்கிவிடும்.

இதில் உச்சம் நடேசன் அண்ணையின் மகளின் கல்யாணம். ஒஸ்லோவுக்குப் பக்கத்து நகரமான திராமனில் மண்டபம். நடேசன் அண்ணை ஒஸ்லோவின் ஓரத்தில் ஸ்டோவ்னரில் இருப்பவர், குரல் பெரியவர், நியாயம் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். கல்யாணத்தன்று அவருக்கும் அவருடைய மச்சான் குகனுக்கும் முன்வரிசைக் கதிரை விஷயத்தில் கொழுவல். கொஞ்ச நாளில் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, உவன் குகனைப் படத்திலை இருந்து எடுத்துவிடும்."

"எல்லாப் படத்திலையுமோ அண்ணை?"

"எல்லாத்திலையும். அவன் பிறக்கவேயில்லை."

நான் குகனை எடுத்தேன். மணவறைக்குப் பக்கத்தில் நின்ற குகன், சாப்பாட்டு மேசையில் இருந்த குகன், எல்லாக் குகனும் போய்விட்டார்கள். அவ்வளவு துப்புரவாக வேலை செய்தேன் என்று எனக்கே பெருமை. அசலை எல்லாம் அழித்துவிட்டு அல்பத்தைக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் தாயார்தான் முதலில் கண்டவர்.

"மணவறைக்குப் பின்னாலை சுவரிலை நிக்கிறது ஆர்? வயிறும் கையிலை சோடாப் போத்தலுமா?"

ஆளை எடுத்த நான் ஆளின் நிழலை எடுக்க மறந்துபோனேன். பிறகு மச்சான்மார் இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள். குகனைத் திரும்பப் போடச் சொல்லி நடேசன் அண்ணை கேட்டார். அசல் என்னிடம் இல்லை.

"உம்மளை நம்பி ஒரு முழு மனுசனைத் தந்தன். நிழலைத் தந்திருக்கிறீர்."

"அண்ணை, நீங்கள்தானே பிறக்கவேயில்லை எண்டனீங்கள்."

"கோவத்திலை சொன்னதை எல்லாம் செய்யிறதே? அப்ப நான் உம்மளை எத்தனை தரம் செத்துப்போ எண்டு சொல்லியிருப்பன்?"

அன்றிலிருந்து யார் வீட்டு அல்பத்தைக் கையில் எடுத்தாலும் நடேசன் அண்ணை முகங்களைப் பார்ப்பதில்லை. முதலில் நிழல்களை எண்ணுவார், பிறகு ஆட்களை எண்ணுவார். கணக்குச் சரி வந்தால்தான் அடுத்த பக்கம்.

இனிப் பூச்சிக்கு வருகிறேன். அந்தக் கம்பனியின் அலுவலகத்தை நான்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். படம் பிடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று சுவரில் ஒட்டியிருந்ததைக் கண்டு, மறுநாள் கல்யாண அல்பத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் தூர்டிஸ். உயரமான, மெலிந்த பெண்மணி, நரைத்த பின்னல். அலுவலகத்துக்குள்ளேயும் முழங்காலில் ரப்பர் மெத்தை வைத்துத் தைத்த காற்சட்டை. நான் 'மேடம்' என்று தொடங்கினேன். "தூர்டிஸ்" என்றார். அவருடைய பேச்சு முழுவதும் இந்த அளவில்தான் இருக்கும்.

அல்பத்தைப் புரட்டினார். கூறைச் சேலையில் பொம்பிளை, குதிரையில் மாப்பிள்ளை, புகைக்கு நடுவே முத்தம் கொடுக்கப்போய்க் கொடுக்காமல் நிற்கும் இருவர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு பக்கத்தில் நின்றார். அது நான் தவறுதலாகச் சேர்த்துவிட்ட படம். பலகாரத் தட்டில் லட்டு, லட்டின் மேல் ஒரு ஈ.

"இது நீ எடுத்ததா?"

"ஓம். தற்செயலாக."

"ஈ அசையவில்லை. எப்படி?"

"லட்டு நல்ல லட்டு."

அவர் சிரிக்கவில்லை. "தரையில் படுப்பாயா?"

"ஏன்?"

"திங்கட்கிழமை வா."

ஈயின் தயவில் எனக்கு வேலை கிடைத்தது. ஆனால் தற்காலிகம்தான். கோடை முடிந்ததும் நிரந்தரமாக வைத்திருப்பதா, கூட்டித் துடைக்கிற தும்புத்தடியிடம் திருப்பி அனுப்புவதா என்று தூர்டிஸ் சொல்லவேண்டும்.

வேலையில் அவர் முதலில் சொல்லித்தந்தது கமராவைப் பற்றி அல்ல, நிற்கிற இடத்தைப் பற்றி. பூச்சிக்கு உங்கள் முகம் தெரியாது, கமரா தெரியாது. உங்கள் நிழல் தெரியும். மேலே திடீரென்று இருட்டினால் பறவை வந்துவிட்டது என்று அது நினைக்கும், ஓடிவிடும். ஆகவே சூரியனை நோக்கி நடக்கவேண்டும். அப்போது உங்கள் நிழல் உங்களுக்குப் பின்னால் விழும், யாரையும் பயமுறுத்தாது. கண் கூசும், கண்ணீர் வடியும், அதற்காகத் திரும்பக்கூடாது. நோர்வேயில் சூரியன் எப்போதும் சோம்பேறி, தலைக்கு மேலே ஏறமாட்டான், சரிந்தே கிடப்பான். அதனால் இங்கே என்னைப் போன்ற கட்டையனுக்கும் தென்னை மர உயரத்தில் நிழல் விழும். முதல் சில வாரம் நான் வருவதற்கு முன்பே என் நிழல் போய், 'சபாநாதன் வாறான், ஓடுங்கோ' என்று அந்த வட்டாரத்துக்கே அறிவித்துவிடும். நான் போய்ச் சேரும்போது வெறும் மண் இருக்கும்.

பிறகு படுக்க வேண்டும். முழங்கை இரண்டையும் ஊன்றி, மூச்சைப் பாதி விட்டு, மீதியைப் பிடித்துக்கொண்டு அழுத்தவேண்டும். ஒரு பூச்சிக்கு மூன்று விதமான படம். மேலிருந்து ஒன்று. பக்கத்திலிருந்து ஒன்று. மூன்றாவது, சூரியன் ஒரு பக்கத்திலிருந்து படும்படி சுற்றி வந்து, பக்கத்தில் ஒரு சிறிய அளவுக் குச்சியை வைத்து, பூச்சியின் நிழல் மண்ணில் முழுதாக விழுவதையும் சேர்த்து எடுப்பது. நான் முதல் இரண்டையும் எடுத்துவிட்டு எழும்பினால் மேலே நின்று தூர்டிஸ் சொல்வார்:

"நிழலும்."

கல்யாணப் படப்பிடிப்பில் நிழல்தான் எங்கள் பரம எதிரி. அதை ஒழிப்பதற்கென்றே இரண்டு பக்கமும் விளக்கும் வெள்ளைக் குடையும் வைப்போம். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"தூர்டிஸ், நிழல் எதற்கு?"

"கால்."

மேலிருந்து பார்த்தால் உடம்பு காலை மறைக்கும், நிழலில் எல்லாக் காலும் தெரியும் என்பது அதன் விரிவுரை. அதை நானாகத்தான் விளங்கிக்கொண்டேன்.

இந்த வேலையால் வீட்டில் வந்த சோலியையும் சொல்லவேண்டும். ஒஸ்லோவில் ஒரு தமிழன் தரையில் குப்புறக் கிடந்தால் அவன் வேலை செய்கிறான் என்று யாரும் நினைப்பதில்லை. ஒரு நோர்வேக் கிழவி என் மேலே தன் மேலங்கியைப் போர்த்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நான் எழும்பி, நன்றி சொல்லி, எறும்பைக் காட்டினேன். அவர் எறும்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஆம்புலன்ஸ் வரட்டும் என்றார். எங்கள் ஆட்கள் இன்னும் வேகம். நேரே என் மனைவி வசந்தாவுக்குப் போன் போய்விடும்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கடை அவர் ஸ்டோவ்னர் பஸ் தரிப்பிலை விழுந்து கிடக்கிறார்."

"குப்புறவோ, மல்லாக்கவோ?"

"குப்புற."

"அப்ப வேலையிலை நிக்கிறார். மல்லாக்கக் கிடந்தால் எடுங்கோ."

அந்தக் கோடையில்தான் அந்த வண்டு வந்தது.

ஸ்டோவ்னரில் உயர்ந்த மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் வெயில் படுகிற ஒரு மணல் சரிவு. பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள், நாய்கள் தோண்டும், மற்றபடி யாருக்கும் பயனில்லை. குடியிருப்புச் சங்கம் அதை வெட்டிச் சமப்படுத்தித் தார் போட்டு வாகனத் தரிப்பிடம் ஆக்கத் தீர்மானித்திருந்தது. வெட்டுமுன் பார்த்துச் சொல்ல எங்கள் கம்பனிக்கு வேலை வந்தது. சங்கத்தின் தலைவர் நடேசன் அண்ணை. அவ்வளவு பெரிய குடியிருப்புக்கு ஒரு தமிழர் தலைவர் என்பதில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பெருமை. நான் மட்டும் அந்தப் பக்கம் போகும்போது தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

சரிவுக்கு நான் தனியாகப் போன ஒரு பின்னேரம், மணலில் ஒரு சின்னத் துளையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். உழுந்தைவிடக் கொஞ்சம் பெரியவர், உருண்டை, மண்ணிறம். நான் முறைப்படி சூரியனை நோக்கி ஊர்ந்தேன், படுத்தேன், எடுத்தேன். மேலிருந்து எடுத்தது ஆடிப்போனது. பக்கத்திலிருந்து எடுத்ததும் ஆடிப்போனது, எனக்கு இருமல். மூன்றாவது, நிழலும் அளவுக் குச்சியுமாக, ஊசிபோல விழுந்தது. அதற்குள் அவர் செட்டையை விரித்துப் பறந்துபோனார்.

அடுத்த நாள் லோறென்ஸ்கூக்கில் என் மச்சாளின் மகளுக்குச் சாமத்திய வீடு. கமராவின் அட்டை வெறுமையாக வேண்டும். வீட்டில் அவசரமாகப் படங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றினேன். ஆடிப்போனவற்றை அழித்தேன். நல்லது ஒன்று மிஞ்சியது. அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பாவம், அந்த வண்டின் நெற்றியில் வளைந்த துரும்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகையில் நூல் தொங்குவதுபோல. கை தானாகப் போனது. துரும்பை எடுத்தேன். எடுத்த கையோடு கருவளையம். எடுத்த கையோடு நிறம். அதன் மேலேயே சேமித்துவிட்டு, கமராவின் அட்டையைத் துடைத்துவிட்டு, சாமத்திய வீட்டுக்குப் போய் மூன்று முட்டை ரோல்ஸ் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை தூர்டிஸ் தன் சின்ன மடிக்கணினியில் படத்தைத் திறந்தார். கோப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

"இது யார்?"

"வண்டு."

"ஏன் மினுங்குகிறது?"

"கொஞ்சம் துடைத்தேன்."

"எதை?"

"தலையில் ஒரு துரும்பு இருந்தது..."

கோப்பையை மேசையில் வைத்தார். "எப்படிப்பட்ட துரும்பு?"

விரலை வளைத்துக் காட்டினேன்.

"எங்கிருந்து புறப்பட்டது?"

"நெற்றியிலிருந்து."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். திரும்பவும் கழற்றித் துடைத்தார். மணலுக்குள் வாழும் ஒரு வண்டு உண்டாம். ஆண் வண்டின் நெற்றியில் ஒரே ஒரு வளைந்த கொம்பு. நோர்வேயில் மிக அரிது. தூர்டிஸ் சின்ன வயதிலிருந்தே தேடுகிறார், ஒருநாளும் உயிரோடு கண்டதில்லை. அந்தக் கொம்பு இருந்தால் சரிவை வெட்ட முடியாது. கொம்பு இல்லையென்றால் அது ஏதோ ஒரு வண்டு.

"சபா, எனக்குத் தெரிந்தவர்களில் அதை நேரில் கண்ட ஒரே ஆள் நீ."

"நன்றி."

"அதற்குச் சவரம் செய்த ஒரே ஆளும் நீதான்."

அசல் எங்கே என்று கேட்டார். அசலின் மேல் இப்போது மச்சாளின் மகள் மாலையோடு நிற்கிறாள் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் ஆறியிருப்பேன். மடிக்கணினியை மூடினார். "திருத்திய படத்தை நான் பார்ப்பதில்லை" என்றார். அதன் பிறகு அந்தப் படத்தை அவரும் திறக்கவில்லை, வெட்கத்தில் நானும் திறக்கவில்லை.

திரும்பவும் அதைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. வெயில் எறித்த பின்னேரம் எல்லாம் இரண்டு பேரும் அந்தச் சரிவில் தவழ்ந்தோம். ஒரு பக்கத்தால் அவர், மறுபக்கத்தால் நான். நடுவில் சந்திக்கும்போது இரண்டு ஆடுகள் முட்டப்போவதுபோல நின்றுவிட்டுத் திரும்புவோம். மாடியிலிருந்து நடேசன் அண்ணை குரல் கொடுப்பார்.

"தம்பி, என்ன துலைச்சனீர்?"

"ஒண்டுமில்லை அண்ணை."

"ஒண்டுமில்லாததை ஏன் இரண்டு பேர் தேடுறியள்?"

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வண்டு வரவில்லை. சங்கத்தின் கூட்டம் வந்தது. கூட்டம் முடிந்தால் வெட்டும் இயந்திரம் வரும். போகிற வழியில் தூர்டிஸிடம் மெல்லக் கேட்டேன்.

"என் வேலை?"

"கூட்டத்துக்குப் பிறகு."

கட்டடத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டம். ஒரு மேசையில் நோர்வேக்காரரின் வாஃபல், மறுமேசையில் நடேசன் அண்ணையின் மனைவி சுட்ட ரோல்ஸ். அண்ணை ஒவ்வொரு முறையும் தலைவராக வருவது அந்த ரோல்ஸால்தான் என்று ஒரு கதை உண்டு. நான் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

தூர்டிஸ் எழும்பினார். "அந்தச் சரிவில் ஓர் அரிய வண்டு இருக்கக்கூடும். எங்களிடம் ஒரு படம் இருந்தது. எங்கள் படப்பிடிப்பாளர் அதைத் திருத்திக் கெடுத்துவிட்டார். ஆகவே எதையும் உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது." உட்கார்ந்துவிட்டார். பொய் ஒன்று சொல்லியிருந்தால் சரிவும் தப்பியிருக்கும், நானும் தப்பியிருப்பேன். சொல்லவில்லை. அவர் அப்படித்தான்.

எல்லாத் தலையும் என் தூணைத் தேடின. நடேசன் அண்ணைக்கு அன்று தீபாவளி.

"எட, தம்பியோ அந்தப் படம் பிடிச்சது? என்ரை மச்சானுக்குச் செய்த வேலையை இப்ப பூச்சிக்கும் செய்துபோட்டீரோ?"

"அண்ணை, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். படத்தைப் போடுங்கோ சுவரிலை, உம்மடை கைவேலையை எல்லாரும் பாக்கட்டும்."

தூர்டிஸ் வேண்டாம் என்றார். அண்ணை தலைவர் என்ற முறையில் வேண்டும் என்றார். மடிக்கணினியைத் திறந்து சுவரில் போட்டார்கள். கார் அளவில் என் வண்டு. புளி போட்டு மினுக்கிய குத்துவிளக்குப்போல மினுங்கியது. மண்டபம் சிரித்தது. தூர்டிஸ் தன் முழங்கால் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடேசன் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் வழக்கப்படி முதலில் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆளைப் பார்த்தார். கணக்கு உதைத்தது.

"ஐயோ தம்பி!" என்று துள்ளி எழும்பினார். "உமக்குக் களவும் ஒழுங்காச் செய்யத் தெரியாதோ? உடம்பிலை கொம்பில்லை, நிழலிலை நிக்குது கொம்பு! குகன் நிண்டமாதிரியே நிக்குது!"

எனக்குச் சொன்னது போதாது என்று, எல்லாருக்கும் விளங்கவேண்டுமென்று நோர்வே மொழியிலும் உரத்துச் சொன்னார். "பாருங்கள், ஏமாற்று வேலை! கொம்பை அழித்தவர் நிழலை மறந்துவிட்டார்!"

தூர்டிஸின் தலை நிமிர்ந்தது.

அவர் எழும்பிச் சுவரிடம் போனார். அந்த நேரத்திலும் விளக்கின் குறுக்கே போகவில்லை. தன் நிழல் வண்டின் மேல் விழாதபடி பக்கச் சுவரோடு ஒட்டி, பூச்சியிடம் போவதுபோலவே போனார். மணலில் கிடந்த அந்தக் கறுப்பு உருவத்தைக் கிட்ட நின்று பார்த்தார். கொம்பு நெற்றியில் தடித்துத் தொடங்கி, பின்னோக்கி வளைந்து, நுனியில் கூராக முடிந்தது. பக்கத்தில் அளவுக் குச்சியின் நிழல். இரண்டையும் விரலால் அளந்தார். பிறகு நடேசன் அண்ணையிடம் திரும்பினார்.

"இன்னொருமுறை சொல்லுங்கள்."

அண்ணைக்கு மேடை கிடைத்த சந்தோசம். ஆற அமர, தெளிவாகச் சொன்னார். "நிழலில் கொம்பு இருக்கிறது."

தூர்டிஸ் செயலாளரைப் பார்த்தார். "தலைவர் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள்."

அண்ணையின் வாய் திறந்தபடி நின்றது. கையில் பாதி ரோல்ஸ். தான் இப்போது என்ன செய்தோம் என்பது அவருக்கு மெல்ல மெல்ல ஏறியது. அவர் முகத்தை அன்று நான் படம் எடுத்திருந்தால் ஒரு இடத்திலும் கை வைத்திருக்கமாட்டேன்.

அது புல்லாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். புல் நெற்றியிலிருந்து முளைக்காது என்றார் தூர்டிஸ். நிழல் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லமுடியாது, ஆனால் அடுத்த கோடைவரை பொறுக்க இது போதும் என்றார். வாக்கெடுத்தார்கள். வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

வெளியே வந்து மழை ஒதுக்கில் நின்றோம். தூர்டிஸ் இரண்டு ரோல்ஸ் கொண்டுவந்து ஒன்றை என்னிடம் தந்தார். நான் கடிக்கவில்லை.

"என் வேலை?"

அவர் தன்னுடையதைத் தின்று முடித்து, விரலைத் துடைத்தார். "திங்கட்கிழமை வா."

"சரி."

"துடைக்கும் மென்பொருளை அழித்துவிட்டு வா."

அடுத்த கோடையில் வண்டை முதலில் கண்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நடேசன் அண்ணைதான். அப்படி ஒரு பூச்சியே இல்லை என்று நிரூபிப்பதற்காக ஒவ்வொரு பின்னேரமும் சரிவில் காவல் இருந்திருக்கிறார். போன் வந்தது.

"தம்பி, உம்மடை ஆள் இஞ்சை நிக்கிறார். கொம்போடை. கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வாரும்."

"அண்ணை, உங்கடை நிழல் அதிலை விழாமல் நில்லுங்கோ."

"எனக்கு நிழலைப் பற்றிப் படிப்பிக்கிறீரோ? நான் சூரியனைப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன், கண் அவிஞ்சு போச்சு. கெதியா வாரும். வந்து ஒண்டையும் துடைச்சுப்போடாதையும்!"

அந்த முறை மூன்று படமும் ஊசிபோல விழுந்தன. பக்கத்தில் தூர்டிஸ் படுத்திருந்தார். வாழ்நாள் முழுக்கத் தேடிய அந்தக் கொம்பனைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். மூக்கை உறிஞ்சினார். தடிமன் என்றார்.

சரிவு அப்படியே இருக்கிறது. தரிப்பிடம் சின்னதாக வேறு பக்கத்துக்குப் போய்விட்டது. நடேசன் அண்ணை தன் காருக்கு இப்போது கொஞ்சத் தூரம் நடக்கவேண்டும், நடக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவார். ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் சரிவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார். "இது நான் கண்டுபிடிச்ச வண்டு" என்பார். மச்சான் குகனும் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். குகனுக்கு அந்த வண்டின் மேல் தனிப் பாசம்.

தூர்டிஸ் எனக்கு முன்பே ஓய்வு பெற்று, மலையில் தன் மரக்குடிலுக்குப் போய்விட்டார். போனில் செய்தி அனுப்பினால் எப்போதாவது பதில் வரும், வந்தால் இரண்டு மூன்று சொல் வரும்.

என் பிரியாவிடை நாளில், கேக்குக்குப் பிறகு, நிவேதா என்னை அலுவலகத்தின் வெள்ளைச் சுவரோரம் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். இலையுதிர்காலத்துச் சரிந்த வெயில். "சார், கேப்பைக் கழட்டுங்க" என்றாள். கழற்றினேன். படத்தை வீட்டில் திறந்து பார்த்தால் எனக்கே தாங்கவில்லை. தலையா, தேங்காயா என்று தெரியவில்லை. இனிமேல் நான் கம்பனி ஆள் இல்லை, எந்தக் கட்டளையும் என்னைக் கட்டுப்படுத்தாது என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டு, மென்பொருளைத் திரும்பவும் இறக்கினேன். அடர்த்தியாக, கறுப்பாக, ஒரு பக்கத்துக்கு வாரிவிட்ட முடி வைத்தேன். வசந்தா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆர் உந்தப் பெடியன்?"

"நான்தானப்பா."

"அப்ப எனக்கும் கொஞ்சம் வையுங்கோ."

அந்தப் படத்தைத் தூர்டிஸுக்கு அனுப்பினேன். 'ஓய்வு பெற்றுவிட்டேன். எப்படி இருக்கிறேன்?' என்று கீழே எழுதினேன்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது.

"உன் நிழல் மொட்டை."